விளக்குக்கு வராதவள்

போன மாதம், எங்கள் தீவுகளின் தலைநகரான சுவாவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பல்கலைக்கழகத்தில் அந்துப்பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். என் பெயரைச் சொல்லி, அது நான்தானா என்று சந்தேகத்தோடு கேட்டாள். நான் இன்னும் உயிரோடு இருப்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. நான்தான் என்றேன். அந்த நேரம் பார்த்து என் அறைக்கு மேலே ஒரு விமானம் ஏறியது. நமாகாவில், விமான நிலையத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு பார்த்தது என் புத்தி. காலையிலிருந்து அது ஏழாவது விமானம். சத்தம் அடங்கும்வரை நான் பேசவில்லை. அவள் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்க விவரிச்ச மலை அந்துப்பூச்சியில பெட்டியில ஒரே ஒரு பெண்தான் இருக்கு. அதோட வயித்து மயிர்ல வெள்ளையா ஏதோ பொடி ஒட்டியிருக்கு. பூஞ்சையா, இல்ல தானாவே சுரக்கிற மெழுகா? உங்க கட்டுரையில அதைப் பத்தி ஒண்ணும் இல்லையே?"

அவள் பேசியது ஆங்கிலமும் எங்கள் ஊர் ஹிந்தியும். நான் தமிழில் எழுதுகிறேன்.

"விபூதி" என்றேன்.

"அது என்ன மெழுகு சார்?"

அவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. அவளுடைய கொள்ளுப்பாட்டனாரும் கரும்புக் கூலியாக மதராஸ் கப்பலில் வந்தவர்தானாம். பிறகு பேச்சில் தெரிந்தது. அதற்கு அவள் என்ன செய்வாள்? என் சொந்தப் பேத்திக்கே தெரியாது. போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, பிறகு கூப்பிடு என்று சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து அந்தப் பூச்சியே ஞாபகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதிவிட்டால் ஓய்வு கிடைக்குமோ என்னவோ.

நான் விவசாய இலாகாவில் பூச்சிப் பிரிவில் வேலை பார்த்தேன். கரும்பையும் தாலோக் கிழங்கையும் தின்கிற பூச்சிகளைப் பிடிப்பது, எண்ணுவது, எந்த மருந்துக்கு எத்தனை செத்தன என்று எழுதுவது. எண்ணுகிற பழக்கம் அங்கே வந்ததா, அந்தப் பழக்கம் இருந்ததால் அங்கே போய்ச் சேர்ந்தேனா என்று தெரியாது. வீடு லோவுவில், அப்பாவின் கரும்பு நிலத்தின் ஓரத்தில். சம்பளத்துக்குப் பார்த்த பூச்சிகளெல்லாம் ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்டவை. பெயர் இல்லாதவை மலைமேல் இருந்தன. அதனால் மழைக்காலச் சனிக்கிழமைகளில் தவுவாவுக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறும் சாலையில் என் பழைய வேனை உறும விட்டுக்கொண்டு காட்டுக்குப் போவேன்.

வேலை எளிது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்ட வேண்டும். அதன் முன்னால் பென்சின் விளக்கைப் பம்ப் அடித்து ஏற்றி வைக்க வேண்டும். அந்த வெளிச்சத்துக்கு அந்துப்பூச்சிகள் வந்து துணியில் உட்காரும். வேண்டியதை மட்டும் மருந்து நனைத்த பஞ்சு உள்ள ஜாடியில் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். காத்திருப்பதற்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. எண்ணிக்கொண்டே இருந்தால் பொறுமை இல்லாமலும் உட்கார்ந்திருக்கலாம்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த ஆண் பூச்சி வந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் சாம்பல் நிறப் பூச்சி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். சாம்பலுக்கு அடியில் பாசியின் பச்சை இருந்தது. முன்சிறகின் விளிம்பில் மூன்று கறுப்புப் புள்ளிகள், அவற்றில் நடுப்புள்ளி மற்ற இரண்டையும்விடச் சிறியது. அதற்குக் கீழே, வெட்டிப் போட்ட நகத்துண்டு போல ஒரு வெள்ளை வளைவு. தலையில் இரண்டு உணர்கொம்புகள். ஒவ்வொன்றும் இருபுறமும் பல் வைத்த சீப்பு மாதிரி. இந்தத் தீவுகளிலிருந்து பிடித்து விவரிக்கப்பட்ட எந்தப் பூச்சியோடும் அது பொருந்தவில்லை. வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலிருந்து படங்கள் வரவழைத்துப் பார்த்தேன், அங்கும் இல்லை. ஓர் ஆணின் வயிற்று நுனியைக் காரக் கரைசலில் கொதிக்க வைத்து, உள்ளே இருக்கும் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து, உருப்பெருக்கியின் கீழ் வரைந்தேன். பூச்சிகளில் அதுதான் பூட்டும் சாவியும். இனத்துக்கு இனம் மாறும். இதுவும் வேறாக இருந்தது. புது இனம், சந்தேகமே இல்லை.

ஆண் மட்டும் கிடைத்தாலும் பெயர் வைத்துவிடலாம், விதி தடுக்கவில்லை. ஆனால் எனக்கு மனம் வரவில்லை. ஆணும் பெண்ணும் வேறு வேறு தோற்றத்தில் இருந்ததால் இரண்டு இனங்களாகப் பெயர் வாங்கி, பிறகு ஒன்று என்று தெரிந்து சிரிப்புக்கிடமான பூச்சிகள் உண்டு. என் பூச்சிக்கு அந்த அவமானம் வரக்கூடாது என்று நினைத்தேன். பெண் கிடைத்ததும் எழுதலாம் என்று வைத்தேன். ஆறு மழைக்காலம் போயிற்று. பதினான்கு ஆண்கள் கிடைத்தன. பெண் ஒன்றுகூட இல்லை.

"நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை தேட நீங்க இப்பிடி அலையலியே" என்பாள் என் மனைவி. "இந்தப் பூச்சிக்குப் பொண்ணு தேட மலை மலையா ஏர்றீங்கோ."

அது உண்மைதான். எங்கள் ஒரே மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது அவள்தான். நல்ல பையன்; தச்சு வேலை தெரிந்தவன். எண்பத்தேழாம் வருடம் மே மாதம், இந்தியர் கை ஓங்கிவிட்டது என்று சொல்லிப் பூர்வகுடிகளின் ராணுவம் முதல் முறை ஆட்சியைப் பிடித்தபோது, இனி இங்கே இருக்க வேண்டாம் என்று முதலில் சொன்னவனும் அவன்தான். இரண்டு பேரும் ஆக்லாந்து போய்விட்டார்கள். செப்டம்பரில் ராணுவம் இரண்டாவது முறை ஆட்சியைப் பிடித்தது. பிறகு ஊரே கிளம்பிவிட்டது போலிருந்தது. டாக்டர் போனார், பள்ளிக்கூட வாத்தியார்கள் போனார்கள், எங்கள் இலாகாவில் என் அறையிலிருந்த ஐந்து மேஜைகளில் மூன்று காலியாயின. சாயங்காலம் முற்றத்தில் நின்று, எங்கள் சாலையில் விளக்கு எரிகிற வீடுகளை எண்ணுவேன். முன்பு இருபத்திரண்டு இருக்கும். அந்த நவம்பரில் பதின்மூன்று. எண்ணி என்ன ஆகப்போகிறது என்று மனைவி கேட்பாள். ஒன்றும் ஆகப்போவதில்லை; ஆனால் எண்ணாமல் உள்ளே போனால் சாப்பாடு இறங்காது.

மகளுக்கு டிசம்பர் கடைசியில் பிரசவம். எங்களுக்கும் அங்கேயே குடியேற விசா வந்துவிட்டது. அதைக் கையில் வாங்கிய நாளிலிருந்து என் மனைவி பாதி ஆக்லாந்திலும் பாதி லோவுவிலுமாகத்தான் இருந்தாள். பாத்திரங்களைப் பெட்டியில் கட்டினாள், பிரசவ மருந்துக்குச் சுக்கும் ஓமமும் வாங்கி வறுத்துப் பொடித்தாள். நான் மட்டும் தேதி குறிக்க விடாமல் இழுத்தேன். இலாகாவில் கணக்கு முடியவில்லை என்றேன். வேனை விற்க வேண்டும் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அந்தப் பொண்ணு கெடைக்காம நீங்க வரமாட்டீங்கோ. அதைச் சொல்லுங்கோ நேரா."

அந்தப் பூச்சி முதல் மழை விழுந்த பிறகு மூன்று நான்கு வாரந்தான் வெளியே வரும். பிறகு அடுத்த வருடந்தான். அடுத்த வருடம் நான் ஆக்லாந்தில் இருப்பேன். அங்கே இந்தக் காடு கிடையாது. வேறு யாரும் அதைத் தேடப் போவதுமில்லை, ஏனென்றால் அது இருப்பதே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கடைசியில் அவளே டிசம்பர் பதினேழுக்கு டிக்கெட் போட்டாள். மலையில் மழை விழுந்ததோ டிசம்பர் முதல் வாரம் கழிந்து. நடுவில் எனக்கு ஒரே ஒரு சனிக்கிழமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்போது ராணுவத்தின் சட்டம்: வேலை கூடாது, விளையாட்டு கூடாது, ஜெபத்துக்கு மட்டும் வெளியே போகலாம். பூச்சி பிடிப்பது வேலையா விளையாட்டா என்று சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"நானும் வர்றேன்" என்றாள்.

"நீ எதுக்கு? அட்டைப்பூச்சி, மழை, சேறு."

"தனியாப் போனா இன்னா சாமான் இது, இன்னா மருந்து இதுன்னு புடிச்சு உள்ளே வெச்சுருவான். பொம்பளை கூட இருந்தா, பாவம், புருசன் பொஞ்சாதின்னு விட்ருவான். பதினேழாந் தேதி நான் ப்ளேன் ஏறணும். உங்களை ஜெயில்ல விட்டுட்டு ஏற முடியாது."

ரொட்டி சுட்டு, உருளைக்கிழங்குக் கறியை உள்ளே வைத்துச் சுருட்டிக் கட்டிக்கொண்டாள். எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகும் கைப்பையில் சீப்பு, பாஸ்போர்ட், வட்டத் தகர டப்பாவில் விபூதி. பாஸ்போர்ட் எதற்கு என்றேன். வீட்டில் வைத்துவிட்டு வந்தால் தூக்கம் வராது என்றாள். நாங்கள் போவதோ ஒரு நாள் பொழுது.

தவுவாவைத் தாண்டியதும், மலைச்சாலை பிரியும் இடத்தில் மூங்கிலைக் குறுக்கே போட்டு ராணுவத்தார் நின்றிருந்தார்கள். ஒரு சிப்பாய் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். இளைஞர்தான், ஆனால் கண்ணெல்லாம் சிவந்து களைத்துப்போய் இருந்தார். பூர்வகுடிதான் என்றாலும் கரும்புப் பக்கத்தில் வளர்ந்தவர் போலிருக்கிறது, எங்கள் ஹிந்தியை எங்களைப் போலவே பேசினார்.

"இந்த வெள்ளைத் துணி எதுக்கு மாஸ்டர்? சரணடையவா?"

பூச்சி பிடிக்க என்றேன். ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "நகத்துல பூசுற சாயம் மாதிரி வாசனை." என் மனைவியைப் பார்த்தார். "மராமா, இவரு சொல்றது நிஜமா?" மராமா என்றால் அவர்கள் பாஷையில் அம்மா.

"நிஜந்தான் தம்பி. கல்யாணம் ஆன நாள்லேந்து நான் படுற பாடு" என்றாள் அவள்.

பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். ஆனால் பென்சின் டின்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எரிகிற எதையும் மேலே கொண்டுபோகக்கூடாது என்று உத்தரவாம். யாரோ எங்கேயோ எதையோ கொளுத்தியிருந்தார்கள். விளக்கிலிருந்ததையும் வடித்து ஊற்றச் சொன்னார். விளக்குக்குத்தான், அது இல்லாமல் நாங்கள் மேலே போய் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று மன்றாடினேன். ஒரு டின் பென்சினுக்காக.

"திரும்பி வரும்போது வாங்கிக்கங்க. ஏழு மணிக்குள்ள இந்த மூங்கிலைத் தாண்டிடணும். ஏழுக்கு அப்புறம் ரோட்டுல யாரு இருந்தாலும் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

வேனைத் திருப்பலாமா என்று கேட்டேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ரொட்டியாவது அங்கே தின்போம் என்றாள் மனைவி.

காட்டுக்குள் போவதற்கு முன்னால் ஊர்த் தலைவரைப் பார்க்க வேண்டும். அது முறை. காடு அவர்களுடையது. அவர்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க் கட்டு ஒன்றை அவர் முன்னால் பாயில் வைத்து, எதற்கு வந்தோம் என்று சொல்லி, அவர் அதைத் தொட்டு ஏற்றுக்கொண்ட பிறகுதான் கால் வைக்கலாம். ஆறு வருடமாக எனக்கு அவரைத் தெரியும். ஆனால் அந்த வருடம் எப்படி இருப்பார் என்று தெரியவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேரை வைத்தேன். அவர் எடுத்தார். உள்ளங்கையைக் குவித்து மூன்று முறை தட்டினார். நானும் தட்டினேன். அதுவரை அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு என் மனைவியைப் பார்த்து, "இவருதான் ஆறு வருசமா எங்க காட்டுல பொண்ணு பாக்கிறார். நீங்க கூட வந்திருக்கீங்க, அப்ப இந்தத் தடவை நிச்சயதார்த்தமா?" என்றார்.

"நிச்சயம் ஆகலைன்னா நான் இந்த ஆளை இங்கியே விட்டுட்டுப் போறேன்" என்றாள்.

"விட்டுட்டுப் போங்க. ஆடு மேய்க்க ஆள் இல்லை." கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நீங்களும் போறீங்களா?"

ஆமாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

இரண்டாவது ஓடையைத் தாண்டி, வழக்கமாகத் துணி கட்டுகிற இடத்துக்குப் போனோம். மழை சற்று விட்டிருந்தது. மரங்களில் பாசி கைமுட்டி கனத்துக்கு வளர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் விரிப்பைக் கட்டினேன். காலி விளக்கை அதன் முன்னால் வைத்தேன். அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. மழைக்கோட்டை விரித்து உட்கார்ந்து ரொட்டியைத் தின்றோம். நான் திட்டிக்கொண்டே தின்றேன்: சிப்பாயை, உத்தரவு போட்டவனை, மழையை, டிக்கெட் போட்ட அவளை, அவள் கறியில் போட்ட மிளகாயை. அவள் தின்றுகொண்டே காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தே முக்கால் இருக்கும். இருட்டவில்லை, வெளிச்சம் மட்டும் சாம்பல் பூத்தது.

"இன்னாங்க" என்றாள். "எல்லாம் அந்தப் பக்கமாவே போவுதே?"

என் தோளுக்குப் பின்னால் காட்டினாள். ஒரு பூச்சி தாழப் பறந்து போனது. இன்னொன்று. வளைந்து வளைந்து, காற்றுக்கு எதிராக. மூன்று புள்ளியும் தெரியாவிட்டாலும் அந்தப் பறப்பு எனக்குத் தெரியும். என்னுடைய ஆண்கள். ஒன்று, இரண்டு, நான்கு. ஆறு வருடத்தில் கிடைத்தவை பதினான்கு. கால்மணியில் ஒன்பது போயின, அதுவும் விளக்கே இல்லாத இடத்தில். நான் ரொட்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன்.

பத்தடி தள்ளி ஒரு மரம். இடுப்பு உயரத்தில் பாசிமேல் ஆண்கள் சிறகடித்துத் தத்தளித்துக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே, நனைந்த பஞ்சைத் திரித்து ஒட்டியது போல ஒன்று. முதலில் புழு என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஆறு கால்கள். உருண்ட, மயிரடர்ந்த சாம்பல் வயிறு. சிறகு இருக்க வேண்டிய இடத்தில் அரிசி நொய் அளவுக்கு நான்கு மொட்டுகள். அவ்வளவுதான். தான் கிழித்து வெளியே வந்த கூட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். வயிற்று நுனியை உயர்த்தி வாசனையை விட்டுக்கொண்டு, ஓர் அங்குலம்கூட நகராமல்.

பெண்ணுக்குச் சிறகு இல்லாத அந்துப்பூச்சிகள் உண்டு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதெல்லாம் பனி பெய்கிற நாடுகளின் சமாச்சாரம் என்று ஒதுக்கியிருந்தேன். ஆணின் அந்தச் சீப்புக் கொம்புகளை எத்தனை முறை பல் பல்லாக எண்ணியிருக்கிறேன்! அவ்வளவு பெரிய கொம்பு எதை முகர்வதற்கு என்று யோசித்தேனே தவிர, முகரப்படுகிறவள் பறந்து வருவாள் என்றே விளக்கை ஏற்றிக் காத்திருந்தேன்.

"இதுவா பொண்ணு?" என்றாள் மனைவி குனிந்து. "எறக்கை எங்கே?"

"கிடையாது."

"ஒண்ணுமே இல்லியா?"

"இல்லை. பொறந்த எடத்துலியே இருக்கும். முட்டையிட்டு அங்கியே செத்துப்போகும்."

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "விசா கெடைக்கலை போல" என்றாள். அதற்கு இருவரும் சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. களைப்புதான்.

மணி ஆறேகால். மூங்கில் தடுப்புக்குப் போக அரைமணிக்கு மேல் வேண்டும். ஆண்கள் இன்னும் சேரவில்லை, சிறகடித்துக்கொண்டுதான் இருந்தன. சேர்வதற்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது; யாருக்குமே தெரியாது, அதைப் பார்த்தவர்களே இல்லை. உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். உட்கார முடியவில்லை. ஜாடியில் போட்டால் உடனே செத்துவிடும்; உயிரோடு கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தேன். என்னிடம் வேறு டப்பா இல்லை.

மனைவி கைப்பையைத் திறந்து விபூதி டப்பாவை எடுத்தாள். கொட்ட மனம் வரவில்லை அவளுக்கு. விரலால் வழித்து என் நெற்றியில் பட்டையாக இட்டாள், தன் நெற்றியில் இட்டாள், மீதியை மரத்தின் வேரில் தட்டினாள். புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு நீட்டினாள். எவ்வளவு துடைத்தாலும் விபூதி முழுக்கப் போகாது.

தடுப்புக்கு வந்தபோது ஏழுக்கு நான்கு நிமிடம். அதே சிப்பாய். டார்ச்சை என் முகத்தில் அடித்து, "நெத்தியில என்ன மாஸ்டர்? மேல கோவில் இருக்கா?" என்றார்.

"கோவில் இல்லை. பொண்ணு கெடைச்சிருச்சு" என்றாள் மனைவி. டப்பாவைத் திறந்து காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். பக்கத்திலிருந்த இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். நாலு தலை டார்ச் வெளிச்சத்தில் அந்தத் தகர டப்பாமேல் குனிந்திருந்ததை நான் மறக்கவில்லை.

"இதுக்காகவா இவ்வளவு தூரம்?"

"ஆறு வருசம்" என்றேன்.

அவர் உள்ளே போய் பென்சின் டின்னை எடுத்து வந்து வேனில் வைத்தார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. யாரும் வேலை செய்யக்கூடாது, எல்லாரும் சர்ச்சுக்குப் போகணும். என்னைத் தவிர. நான் இங்க நின்னு, யாரும் வேலை செய்யலையான்னு பாக்கணும்" என்றார். "போங்க, சீக்கிரம் போங்க."

வேனில் வரும்போது மனைவி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "என் பேரை வெப்பீங்களா இதுக்கு?"

"எறக்கை இல்லாததுக்கா?"

யோசித்தாள். "வேணாம் சாமி. ஊர் பேரையே வெய்யுங்கோ." அப்படியே வைத்தேன்.

விடிந்து பார்த்தபோது அவள் டப்பாவின் ஓரத்தில் முட்டையிட்டிருந்தாள். வரிசை வரிசையாக, முத்து வெள்ளையில், நாற்பத்து மூன்று. இரண்டு முறை எண்ணினேன். இவை பொரித்தால், புழுவுக்கு என்ன இலை பிடிக்கும் என்று கண்டுபிடித்தால், கூட்டுப்புழுவரை வளர்த்தால், பூச்சியின் முழு வாழ்க்கையையும் விவரித்துவிடலாம். அதற்கு இரண்டு மாதம் ஆகும், அதற்கு மேலும் ஆகலாம். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் காலை, மதியம், சாயங்காலம் என்று டப்பாவைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தேன். மனைவி பெட்டிகளுக்கு ஆணி அடிக்க ஆள் வரவழைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே போய் வந்துகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் பெண் செத்துப்போனாள். அவளை ஊசியில் குத்தி, கால்களைப் பரப்பி வைத்து, அளவெடுத்தேன். தூரிகையால் விபூதியைத் தட்டினேன். மயிருக்குள் போனது வரவில்லை. நான்காம் நாள் முட்டைகளில் குழி விழ ஆரம்பித்தது. முதலில் ஐந்து, சாயங்காலத்துக்குள் முப்பது. கருத்தரித்த முட்டை நிறம் மாறும். தரிக்காதது நடுவில் ஒடுங்கிச் சப்பையாகும். சேருவதற்கு முன்பே அவளை எடுத்து வந்துவிட்டோம். இன்னும் அரைமணி, ஒரு மணி இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். பன்னிரண்டு வீடுகளில்தான் விளக்கு எரிந்தது.

மனைவி பின்னால் வந்து நின்றாள். அவளுக்குக் குழி விழுந்தது தெரியாது. நான் சொல்லவில்லை.

"இன்னும் எத்தினி நாள் வேணும் அதுக்கு?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"முட்டைக்குத்தான். ஒரு வாரம்னா டிக்கெட்டைத் தள்ளிப் பாக்கலாம். பொண்ணுக்குக் கடைசித் தேதிக்குள்ளே போய்ச் சேந்தா போதும்." ஒரு வாரம் தள்ளினால் பிரசவத்துக்கு இரண்டோ மூன்றோ நாள்தான் மிஞ்சும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் பிரசவம் எந்தக் கணக்குக்கும் அடங்காது என்றும் தெரியும். இருந்தும் கேட்டாள்.

"வேணாம்" என்றேன். "பதினேழாந் தேதியே போவோம்."

"நிஜமாவா?"

"நிஜந்தான். அது பொரிக்காது."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு, கட்டி வைத்த பெட்டி ஒன்றைப் பிரித்து எனக்குப் பிடித்த பெரிய தட்டை வெளியே எடுத்திருந்தாள்.

ஆண்கள் பதினான்கையும் பெண்ணையும் சுவாவில் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். இந்த நாட்டுப் பூச்சி இந்த நாட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம். என் குறிப்புகளை மட்டும் எடுத்துப் போனேன். பேத்தி பிறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால் போய்ச் சேர்ந்தோம். ஆக்லாந்தில், மகள் வீட்டுச் சமையலறை மேஜையில், குழந்தையின் துணிகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கட்டுரையை எழுதி முடித்தேன். ஆண்: முன்சிறகில் மூன்று புள்ளிகள். பெண்: சிறகுகள் குறுகி மொட்டுகளாக உள்ளன, பறக்காது. இருப்பிடம்: உயர்மலை மழைக்காடு, பாசி படர்ந்த மரம். எல்லாக் கட்டுரையிலும் கடைசியில் வரும் வரி இதிலும் வந்தது: இளம் பருவங்கள் தெரியவில்லை.

அப்புறம் அங்கே இருபத்தெட்டு வருடம். இங்கே இன்னும் இரண்டு முறை ஆட்சியைப் பிடித்தார்கள், தொலைக்காட்சியில் பார்த்தோம். மனைவி அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். பேத்திக்குத் தமிழ் வராது, ஹிந்தியும் வராது. நல்ல பெண்தான். அவளோடு நான் பேசுகிற ஆங்கிலம் இலாகாவுக்கு அறிக்கை எழுதுகிற ஆங்கிலம். அதில் கொஞ்சத் தெரியாது. முழங்கால் குளிரில் மரத்துப்போகிறது என்று சொல்லிவிட்டு நான் இங்கே திரும்பிவிட்டேன். லோவு வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அந்த மலைக்கு இனி ஏற முடியாது என்று தெரிந்தேதான் வந்தேன்.

நேற்று அந்தப் பெண் மறுபடி போன் செய்தாள். விபூதி என்றால் என்ன என்று அவளே யாரையோ கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். பூஞ்சை இல்லை என்று குறித்துக்கொண்டாளாம். இந்த மழைக்கு மேலே போகப்போகிறாள். இடத்தைக் கேட்டாள். இரண்டாவது ஓடை, இடப்பக்கம் என்றேன். மரம் இப்போது இருக்குமா என்று தெரியாது. ஊர்த் தலைவருக்கு யங்கோனா கொண்டு போ, சும்மா போகாதே என்றேன்.

"எந்த விளக்கு நல்லது சார்? இப்ப பேட்டரியிலயே நீல வெளிச்சம் வருது."

"விளக்கு வேண்டாம்."

"வெளிச்சம் இல்லாம எப்படி?"

"இருட்டறதுக்கு முன்னாடி போய் உட்காரு. ஆண் எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு."

"எவ்வளவு நேரம் உட்காரணும்?"

மேலே ஒரு விமானம் ஏறிக்கொண்டிருந்தது. எத்தனையாவது என்று விட்டுப்போயிற்று. அது போகும்வரை காத்திருந்தேன். இந்த முறை அவளும் கத்தாமல் காத்திருந்தாள்.

"அது தெரியாதும்மா" என்றேன். "நாங்க பாதியிலே எழுந்து வந்துட்டோம்."